எஃப்5 அழுத்தினால் மழை நிற்குமா?

கீபோர்டின் மேல் வரிசையில் எஃப்1 முதல் எஃப்12 வரை பன்னிரண்டு கீகள் இருக்கின்றன. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் இவற்றை அதிகம் தொடுவதில்லை. ஆனால் சென்னையில் ஐப்பசி பிறந்துவிட்டால் இதில் ஒரு கீ மட்டும் தேயத் தொடங்கும். அதுதான் எஃப்5. பிரவுசரில் ஓர் இணையப் பக்கம் திறந்திருக்கும்போது இதைத் தட்டினால் அந்தப் பக்கம் மறுபடியும் புதிதாக இறங்கும். ரிஃப்ரெஷ் செய்வது என்பார்கள். அடையாறு, கோட்டூர்புரம், சைதாப்பேட்டை என்று ஆற்றை ஒட்டிய பகுதிகளில், மழை இரவுகளில் வானிலை ரேடார் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இந்தக் கீயைத் தட்டியபடியே விடிய வைப்பவர்கள் எத்தனையோ பேர்.

வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எங்கள் தெரு மாமி ஒருவர் கேட்டார்: "ஏம்ப்பா, நானும் எத்தனை தடவை அழுத்தறேன், படம் மாறவே மாட்டேங்கறதே? கம்ப்யூட்டர்ல ஏதாவது கோளாறா?"

கம்ப்யூட்டரில் கோளாறு இல்லை. அந்தப் படம் மாறாததற்குத் தொழில்நுட்பக் காரணம் ஒன்று இருக்கிறது. மாறாத படத்தை மறுபடி மறுபடி பார்க்கச் சொல்லும் மனதுக்கும் ஒரு காரணம் இருக்கிறது. வழக்கமாக இந்தப் பக்கங்களில் ஒரு புரோகிராமை எப்படி இன்ஸ்டால் செய்வது என்பது போன்ற விஷயங்களைப் பார்ப்போம். இந்த முறை பதற்றத்தைப் பார்ப்போம். அதைக் கூட்டுவதற்கும் குறைப்பதற்கும் மேசை மேல் உள்ள கம்ப்யூட்டரால் முடியும் என்பதால், இது இந்த இதழுக்கு உரிய விஷயம்தான்.

பயம் வந்த வழி

2015 டிசம்பர் 1. அதற்கு முந்தைய நவம்பர் முழுவதும் மழை கொட்டி ஏரிகள் நிரம்பியிருந்தன. அன்று தொடங்கி மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை பதிவானது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்குச் சுமார் 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டது. அந்த நீரோடு, வழியில் மற்ற ஏரிகளிலிருந்து வழிந்த நீரும் சேர்ந்து அடையாற்றில் இறங்கியது. இரவோடு இரவாக ஜாபர்கான்பேட்டை, ஈக்காட்டுத்தாங்கல், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. மின்சாரம் போனது. செல்போன்கள் செத்தன. நான் அப்போது இன்ஜினியரிங் கல்லூரியில் சேர்ந்த புதிது. உறவினர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று தெரியாமல் இரண்டு நாள் கழித்த குடும்பங்களை நேரில் பார்த்திருக்கிறேன்.

வெள்ளம் வடிந்தபின் வதந்தி வந்தது. செம்பரம்பாக்கம் ஏரி உடைந்துவிட்டது என்றார்கள். முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பி ஊருக்குள் வந்துவிட்டன என்றார்கள். பண்ணை நிர்வாகமே அதை மறுக்க வேண்டியிருந்தது. நாசா எச்சரித்ததாக ஒரு செய்தியும் வாட்ஸ்அப்பில் சுற்றியது. எல்லாம் பொய். ஆனால் ஒரு முறை வீட்டுக்குள் தண்ணீர் வந்ததைப் பார்த்தவருக்குப் பொய்யும் மெய்யும் ஒரே மாதிரிதான் கேட்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மூழ்க, அடங்கியிருந்த பயம் திரும்ப எழுந்தது. இன்று சாதாரணத் தூறலுக்கே நெஞ்சு படபடக்கிறது என்று சொல்பவர்களைக் கேலி செய்யாதீர்கள். அவர்கள் உடம்பு நடந்ததை நினைவில் வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

போலிங், இன்டரப்ட்

சென்னைத் துறைமுகப் பகுதியில் வானிலைத் துறையின் டாப்ளர் ரேடார் இருக்கிறது. அது ரேடியோ அலைகளைச் சுற்றிலும் அனுப்பி, மழைத்துளிகளில் பட்டுத் திரும்பும் அலையின் வலிமையை அளந்து, வலிமைக்கு ஏற்ப வண்ணம் தீட்டிப் படமாகத் தருகிறது. வெவ்வேறு உயரக் கோணங்களில் ஆன்டெனா சுற்றி முடித்து ஒரு படம் தயாராக ஏறத்தாழ 10 நிமிடம் ஆகும். எனவே 10 நிமிடத்துக்குள் நீங்கள் எஃப்5-ஐ எண்பது முறை தட்டினாலும், சர்வரில் இருப்பது அதே பழைய படம்தான். அதுவே எண்பது முறை இறங்குகிறது.

இங்கே புரோகிராமர்களின் இரண்டு சொற்களை உங்களுக்கு அறிமுகப்படுத்துகிறேன். தபால் வந்துவிட்டதா என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வாசலுக்குப் போய்ப் பார்ப்பதற்குப் பெயர் போலிங். தபால்காரர் மணி அடிக்கும்போது எழுந்து போவதற்குப் பெயர் இன்டரப்ட். நீங்கள் கீபோர்டில் ஒரு கீயைத் தட்டினால் கம்ப்யூட்டருக்கு இன்டரப்ட் போகிறது. அது செய்துகொண்டிருக்கும் வேலையை ஒரு கணம் நிறுத்தி உங்களைக் கவனிக்கிறது. அப்படி இல்லாமல், "தட்டினாரா, தட்டினாரா" என்று பிராசசர் ஓயாமல் கேட்டுக்கொண்டே இருந்தால் வேறு எந்த வேலையும் ஓடாது. சூடு ஏறி உள்ளே இருக்கும் விசிறி கத்தத் தொடங்கும்.

பதற்றப்படும் மனம் போலிங் செய்கிறது. படம் பார்த்தவுடன் ஓர் ஆறுதல் கிடைக்கிறது. "அப்பாடா, சிவப்பு நம்ம பக்கம் இல்லை." அந்த ஆறுதல் இரண்டு நிமிடம்கூட நிற்பதில்லை. மீண்டும் சந்தேகம், மீண்டும் எஃப்5. ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் மூளை கற்றுக்கொள்வது ஒன்றுதான்: பார்த்ததால்தான் தப்பித்தோம், பார்க்காமல் இருந்தால் ஆபத்து. கேஸ் அடைத்தோமா, கதவு பூட்டினோமா என்று திரும்பத் திரும்பப் பார்ப்பதும் இதே வகைதான்.

ஆகவே பார்க்கும் வேலையை இன்டரப்டுக்கு மாற்றுங்கள். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் சசேத் என்ற செயலியைப் போனில் நிறுவினால், உங்கள் இருப்பிடத்துக்கான எச்சரிக்கை தானாக வந்து சேரும். நீங்களாகப் பார்ப்பதை ஒரு நாளைக்கு இரண்டு வேளை என்று வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 11-ல் ஸ்டார்ட் பட்டனைக் கிளிக் செய்து கிளாக் என்று டைப் செய்தால் ஒரு புரோகிராம் வரும். அதில் அலாரம் என்ற பிரிவில் காலை 8, மாலை 7 என்று இரண்டு அலாரம் வையுங்கள். கம்ப்யூட்டர் தூங்கிக்கொண்டிருந்தால் இந்த அலாரம் அடிக்காது என்பதால் போனிலும் வைத்துவிடுவது நல்லது. அலாரம் அடித்ததும் வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கை, சென்னைக் குடிநீர் வாரியம் தினமும் வெளியிடும் ஏரி நீர்மட்டம், இந்த இரண்டையும் பாருங்கள். செம்பரம்பாக்கத்தின் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. இந்த எண்களை மனதில் வைத்துக்கொண்டால் அன்றைய நீர்மட்டத்தைப் பார்த்து நீங்களே கணக்கிட முடியும். பார்த்துவிட்டுப் பக்கத்தை மூடிவிடுங்கள். மினிமைஸ் செய்யாதீர்கள், மூடுங்கள்.

ரெட் அலர்ட் என்ற சொல்லே பலருக்கு வயிற்றைக் கலக்குகிறது. 24 மணி நேரத்தில் 7 முதல் 11 செ.மீ. வரை பெய்தால் கனமழை, 12 முதல் 20 வரை மிகக் கனமழை, 20-க்கு மேல் அதிகனமழை. மஞ்சள் நிறம் கவனமாக இருக்கவும், ஆரஞ்சு தயாராக இருக்கவும், சிவப்பு நடவடிக்கை எடுக்கவும் சொல்கிறது. இவை ஒரு மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் பெய்யக்கூடியதை வைத்து மாவட்டம் முழுமைக்கும் தரப்படுபவை. உங்கள் தெருவுக்கு என்று யாரும் தருவதில்லை. 2024 அக்டோபர் 16-ல் சென்னைக்கு ரெட் அலர்ட் இருந்தது. மழையோ எதிர்பார்த்ததைவிடக் குறைந்துபோனது. அதற்கு முன்பே வேளச்சேரிக்காரர்கள் தங்கள் கார்களை மேம்பாலத்தில் கொண்டுபோய் வரிசையாக நிறுத்திவிட்டார்கள். பலர் அதைக் கேலி செய்தார்கள். என்னைக் கேட்டால் அவர்கள் செய்ததுதான் சரி. காரை மேட்டில் நிறுத்தினால் கார் பிழைக்கும். எஃப்5 தட்டினால் எதுவும் பிழைக்காது. பதற்றம் வரும்போது "இப்போது நான் செய்வது காரை நகர்த்துவதா, கீயைத் தட்டுவதா?" என்று கேட்டுப் பாருங்கள். இன்வெர்ட்டர் சோதிப்பது, சான்றிதழ்களை ஸ்கேன் செய்து பென் டிரைவில் ஏற்றுவது, கம்ப்யூட்டரின் சிபியூவைத் தரையிலிருந்து மேசை மேல் தூக்கி வைப்பது எல்லாம் காரை நகர்த்தும் வகையைச் சேர்ந்தவை.

சபா மைக் கூவும்போது

சிலருக்குப் பதற்றம் படபடப்போடு நிற்பதில்லை. திடீரென்று நெஞ்சு அடைக்கும், மூச்சு முட்டும், விரல்கள் மரத்துப்போகும், தலை சுற்றும், "செத்துவிடப் போகிறேன்" என்று தோன்றும். பேனிக் அட்டாக் என்பது இதைத்தான்.

மயிலாப்பூர் சபாக்களில் மார்கழிக் கச்சேரி கேட்டிருந்தால் உங்களுக்கு ஒரு சத்தம் தெரிந்திருக்கும். பாடகர் வாய் திறக்கும் முன்பே ஸ்பீக்கர் "கூ..." என்று காதைக் கிழிக்கும். ஸ்பீக்கரின் ஒலியை மைக் வாங்கி ஆம்ப்ளிஃபயருக்குத் தருகிறது, அது பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது, அதை மைக் மறுபடி வாங்குகிறது. சுற்றிச் சுற்றி வந்து ஒரு நொடியில் உச்சத்துக்குப் போய்விடுகிறது. யாரும் கத்தவில்லை, ஆனால் அரங்கம் அலறுகிறது. பேனிக் அட்டாக்கும் இதே சர்க்யூட்தான். ஆக்ஸ்போர்டு மனநல ஆய்வாளர் டேவிட் கிளார்க் 1986-ல் இதை விளக்கி எழுதினார். ஏதோ ஒரு காரணத்தால் இதயம் கொஞ்சம் வேகமாகத் துடிக்கிறது. மாடி ஏறியதாலோ, வெயிலாலோ, காபியாலோ இருக்கலாம். மனம் அதை "மாரடைப்பு" என்று படிக்கிறது. உடனே அட்ரினலின் சுரக்கிறது. அதனால் இதயம் இன்னும் வேகமாகத் துடிக்கிறது. "பார்த்தாயா, நான் சொன்னது சரி" என்கிறது மனம். இன்னும் அட்ரினலின்.

மூச்சும் இதில் சேர்ந்துகொள்கிறது. வேக வேகமாக மூச்சு விடும்போது ரத்தத்தில் உள்ள கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மீறி வெளியேறிவிடுகிறது. விரல் மரத்துப்போவதும் தலை சுற்றுவதும் அதனால்தான். அப்போது காற்று போதவில்லை என்று தோன்றும். உண்மையில் காற்று அதிகமாகிவிட்டது.

மைக் கூவினால் சவுண்ட் சர்வீஸ்காரர் என்ன செய்கிறார்? மைக்கை உடைப்பதில்லை. வால்யூமைக் கொஞ்சம் இறக்குகிறார், அல்லது மைக்கைத் தள்ளி வைக்கிறார். நம்மிடம் உள்ள வால்யூம் குமிழ் மூச்சுதான். மந்தைவெளியில் தேசிகாச்சார் 1976-ல் தொடங்கிய கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரம் போன்ற இடங்களில் மூச்சைத் தனிப் பாடமாகவே கற்றுத் தருகிறார்கள். அவ்வளவு தூரம் போகாவிட்டாலும் வீட்டில் செய்ய ஒன்று உண்டு. மூக்கு வழியாக 4 விநாடி இழுங்கள், 6 விநாடி விடுங்கள். ஒரு மூச்சுக்கு 10 விநாடி, நிமிடத்துக்கு ஆறு மூச்சு. இழுப்பது ஆழமாக இருக்க வேண்டியதில்லை. விடுவது நீளமாக இருக்க வேண்டும். "நல்லா இழுத்து விடு" என்று பக்கத்தில் நிற்பவர்கள் சொல்வதைக் கேட்டு வேகமாக இழுத்தால் மரத்துப்போவது கூடும்.

விநாடியை எண்ண மானிட்டரின் மூலையில் உள்ள கடிகாரமே போதும். விண்டோஸ் 11-ல் அது விநாடியைக் காட்டுவதில்லை. டாஸ்க்பாரில் காலியிடத்தில் ரைட் கிளிக் செய்து டாஸ்க்பார் ஸெட்டிங்ஸ் செல்லுங்கள். அதில் டாஸ்க்பார் பிஹேவியர்ஸ் பகுதியை விரித்தால், கடிகாரத்தில் விநாடி காட்டுவதற்கான கட்டம் இருக்கும். டிக் செய்யுங்கள். பதற்றம் இல்லாத நாட்களிலேயே காலையும் மாலையும் ஐந்து ஐந்து நிமிடம் பழகிக்கொள்ள வேண்டும். மின்சாரம் போனபிறகு யுபிஎஸ்ஸை சார்ஜ் போட முடியாதல்லவா?

பழைய சினிமாக்களில் காகிதப் பையை வாயில் வைத்து மூச்சுவிடச் சொல்வார்கள். இப்போது அதைப் பரிந்துரைப்பதில்லை. வந்திருப்பது ஆஸ்துமாவாகவோ இதயக் கோளாறாகவோ இருந்தால் ஆபத்து.

இன்னொன்று, அட்டாக் வரும்போது அதோடு மல்லுக்கு நிற்காதீர்கள். ஆஸ்திரேலிய மருத்துவர் கிளேர் வீக்ஸ் 1962-ல் எழுதிய சுய உதவி நூலின் சாரமே இதுதான். எதிர்கொள், ஏற்றுக்கொள், மிதந்து போ, நேரம் கடக்கட்டும் என்றார். அட்டாக் பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் உச்சம் தொட்டு, பிறகு தானே இறங்கும். அட்ரினலினை உடம்பு கரைத்துவிடும். இது தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் அந்தப் பத்து நிமிடம் ஒன்றல்ல.

ஒரு முக்கிய எச்சரிக்கை. நெஞ்சுவலி முதல் முறை வருகிறது, வலி கைக்கோ தாடைக்கோ பரவுகிறது, வியர்த்துக் கொட்டுகிறது என்றால் "இது வெறும் பேனிக்" என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். 108-க்குப் போன் செய்து மருத்துவமனைக்குப் போங்கள். தைராய்டு அதிகம் சுரப்பதும், ரத்தசோகையும்கூடப் படபடப்பைத் தரும். ஒருமுறை ஈசிஜியும் ரத்தப் பரிசோதனையும் செய்து டாக்டர் "ஒன்றுமில்லை" என்று சொன்னபிறகுதான் மூச்சுப் பயிற்சியை மட்டும் நம்பலாம்.

நோட்பேட் வைத்தியம்

ராத்திரி படுத்ததும்தான் கவலைகள் க்யூவில் வந்து நிற்கும். மகனுக்கு வேலை, வீட்டுக் கடன், காலையில் கேட்ட இருமல். "கவலைப்படாதே" என்று சொன்னால் மனம் கேட்பதில்லை. "இப்போது வேண்டாம், நாளை ஆறு மணிக்குக் கவலைப்படலாம்" என்றால் வியக்கத்தக்க வகையில் கேட்கிறது. அமெரிக்காவில் தாமஸ் போர்கோவெக்கும் அவருடைய குழுவினரும் 1983-ல் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், அரை மணி நேரம் கவலைக்கு என்று ஒதுக்குவது. மற்ற நேரத்தில் வரும் கவலையைக் குறித்துவைத்துத் தள்ளிப்போடுவது.

இதற்கு விலை கொடுத்து எந்த சாஃப்ட்வேரும் வாங்க வேண்டாம். விண்டோஸில் உள்ள நோட்பேட் போதும். நோட்பேடைத் திறந்து எஃப்5-ஐத் தட்டுங்கள். ஆமாம், அதே எஃப்5! பிரவுசரில் பக்கத்தைப் புதுப்பிக்கும் கீ, நோட்பேடில் அன்றைய தேதியையும் நேரத்தையும் எழுதித் தரும். அதன் கீழே ஒரே வரியில் கவலையை டைப் செய்யுங்கள். "மழை வலுத்தால் ஜெனரேட்டர் அறையில் தண்ணீர் வருமா" என்பது போல. பைலை ஸேவ் செய்து மூடிவிடுங்கள். தமிழில் டைப் செய்ய வராது என்றால் ஆங்கில எழுத்தில் தமிழாகவே அடியுங்கள், யாரும் திருத்தப் போவதில்லை. மறுநாள் மாலை ஆறு மணிக்கு அந்தப் பைலைத் திறந்து ஒவ்வொன்றாகப் படியுங்கள். பாதி வரிகள் அதற்குள் செல்லாக்காசாகியிருக்கும். மீதியில் செய்யக்கூடியது இருந்தால், யாரிடம் கேட்பது, எப்போது கேட்பது என்று எதிரே எழுதுங்கள். இரண்டு மாதம் ஆனபின் இதைப் படித்தால் உங்கள் பதற்றம் எந்த நேரத்தில், எதற்குப் பிறகு வருகிறது என்பது தெரிந்துவிடும். டாக்டரிடம் போக நேர்ந்தால் அவர் கேட்கும் முதல் பத்துக் கேள்விக்கு இதில் பதில் இருக்கும். பிரிண்ட் எடுத்துக்கொண்டு போங்கள்.

படுக்கையறைக்குள் லேப்டாப் வேண்டாம் என்பது என் கருத்து. மானிட்டரில் தாமாக எட்டிப் பார்க்கும் செய்திகளையும் நிறுத்திவிடலாம். ஸெட்டிங்ஸ், சிஸ்டம், நோட்டிபிகேஷன்ஸ் என்று சென்று டூ நாட் டிஸ்டர்ப் ஸ்விட்சைத் தட்டுங்கள். டாஸ்க்பாரின் ஓரத்தில் வெயில், மழை காட்டும் விட்ஜெட் இருக்கிறதே, அதன் மேல் மவுஸ் பட்டாலே விபத்து, கொலை, புயல் என்று தலைப்புகள் விரியும். டாஸ்க்பார் ஸெட்டிங்ஸில் விட்ஜெட்ஸ் என்பதை ஆஃப் செய்தால் அது போய்விடும். புதுக் கம்ப்யூட்டர் வந்த முதல் நாளே நான் செய்யச் சொல்லும் வேலை இது.

தலைவலியும் தேடலும்

இணையத்தில் நோயைத் தேடுவது பதற்றக்காரர்களுக்கு எஃப்5-ஐ விட மோசமான பழக்கம். மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தைச் சேர்ந்த ரையன் ஒயிட், எரிக் ஹார்விட்ஸ் இருவரும் 2008-ல் இதை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டார்கள். தலைவலி என்று தேடினால் கிடைக்கும் பக்கங்களில், காபி குடிப்பதை நிறுத்தியதால் வரும் தலைவலிக்கும் மூளைக்கட்டிக்கும் ஏறத்தாழ ஒரே அளவு இடம் இருந்தது. நிஜ வாழ்க்கையில் முதலாவது எங்கும் நடப்பது, இரண்டாவது மிக அரிது. தேடல் இயந்திரம் எது அதிகம் எழுதப்பட்டிருக்கிறதோ, எது அதிகம் கிளிக் ஆகிறதோ அதை மேலே கொண்டுவரும். உங்களுக்கு எது வர வாய்ப்பு அதிகம் என்று அதற்குத் தெரியாது. இப்போது கேள்விக்குப் பதில் எழுதித் தரும் ஏஐ புரோகிராம்களும் வந்துவிட்டன. அவற்றிடம் ஒரே நோயைப் பற்றி இருபது விதமாகக் கேட்டு ஆறுதல் தேடினால் அதுவும் போலிங்தான். கேள்வியை நோட்பேடில் எழுதி வைத்து டாக்டரிடம் கேளுங்கள்.

காபி என்றதும் ஒரு வார்த்தை. மயிலாப்பூரில் உட்கார்ந்துகொண்டு காபியைக் குறை சொல்வது கொஞ்சம் தைரியமான காரியம். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். உடம்பில் போன காஃபீனில் பாதி வெளியேறச் சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகிறது. மாலை ஐந்து மணி டிகிரி காபியின் பாதி இரவு பத்து மணிக்கும் ரத்தத்தில் இருக்கிறது. பேனிக் அட்டாக் வரும் இயல்புள்ளவர்களுக்குக் காஃபீனே அதைத் தூண்டிவிடலாம். ஒரேயடியாக நிறுத்தினால் தலைவலி வரும் என்று மேலே பார்த்தோம். காலைக் காபியை விட்டுவைத்து மாலைக் காபியை அரை டம்ளர், கால் டம்ளர் என்று குறையுங்கள். அந்த நேரத்தில் லஸ் பக்கம் இருப்பவர்கள் நாகேஸ்வர ராவ் பூங்காவையும், அடையாறு பக்கம் இருப்பவர்கள் எலியட்ஸ் கடற்கரையையும் ஒரு சுற்றுச் சுற்றி வரலாம். அமிர்தாஞ்சன் தந்தவர் பெயரில் உள்ள பூங்காவில் நடந்து தலைவலி போனால் பொருத்தம்தான்.

ரங்கநாதன் தெருவுக்கு ஒரு படிக்கட்டு

தி.நகர் கூட்டத்தில் ஒருமுறை பேனிக் அட்டாக் வந்தவர் அடுத்து தி.நகருக்கே போகமாட்டார். பிறகு ரயில், பிறகு கல்யாண மண்டபம் என்று போகாத இடங்களின் பட்டியல் வளரும். தவிர்க்கும்போது நிம்மதி கிடைப்பதால் தவிர்ப்பதே பழக்கமாகிவிடும். இதற்கு மருந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பப் போவதுதான். லண்டன் மனநல மருத்துவர் ஐசக் மார்க்ஸ் இதையே கம்ப்யூட்டர் புரோகிராமாக உருவாக்கினார். ஃபியர்ஃபைட்டர் என்று பெயர். 2006-ல் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு பேனிக், அச்ச நோய்களுக்கு இதைப் பரிந்துரைத்தது.

நம் வீட்டு எக்ஸெல்லிலேயே அதன் சுருக்கமான வடிவத்தைச் செய்யலாம். முதல் காலத்தில் இடம், இரண்டாவதில் போகும் முன் பயத்துக்கு 0 முதல் 10-க்குள் ஒரு மதிப்பெண், மூன்றாவதில் போய் வந்தபின் மதிப்பெண். எடுத்துக்காட்டாக, செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்குப் பாண்டி பஜார். 2019 நவம்பரில் நடைபாதை வளாகமாக மாற்றிய பிறகு அங்கே நடக்கவும் உட்காரவும் இடம் இருக்கிறது. பயம் 3 என்று வையுங்கள். அடுத்த படி பனகல் பார்க் அருகே ஒரு துணிக்கடை, 5. அதற்கடுத்து மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து பேருந்து நிலையம் வரை 2023-ல் திறந்த ஆகாய நடைபாலத்தில் நடந்தபடி கீழே உள்ள கூட்டத்தைப் பார்ப்பது, 6. பிறகு வார நாள் மதியம் ரங்கநாதன் தெரு, 8. சனிக்கிழமை மாலை ரங்கநாதன் தெரு, 10. தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு இந்தப் பட்டியலில் இல்லை, அது எல்லோருக்குமே 10-க்கு மேல்!

ஒரு படியில் மூன்று நான்கு முறை போய் வந்து மதிப்பெண் பாதியாகக் குறைந்த பிறகே அடுத்த படி. போன இடத்தில் படபடப்பு வந்தால் உடனே ஓடி வராதீர்கள். ஓரமாக நின்று மூச்சை எண்ணி, அது இறங்கத் தொடங்கிய பிறகு கிளம்புங்கள். உச்சத்தில் ஓடி வந்தால் மூளை "ஓடியதால் தப்பித்தோம்" என்று எழுதிக்கொள்ளும். துணைக்கு யாரையாவது அழைத்துப் போகலாம், கடைசிப் படிகளில் தனியாகப் போய்ப் பாருங்கள்.

பதற்றத்தை வைத்துப் பிழைப்பவர்கள்

புதுக் கம்ப்யூட்டர்காரர்களுக்கு இதையும் சொல்லிவிட வேண்டும். திடீரென்று திரை முழுக்கச் சிவப்பாகி, சைரன் ஒலித்து, "உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ், இந்த எண்ணுக்கு உடனே போன் செய்யவும்" என்று வந்தால் அது வெறும் இணையப் பக்கம். எஸ்கேப் கீயையோ எஃப்11-ஐயோ தட்டிப் பாருங்கள். போகாவிட்டால் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மானேஜரில் பிரவுசரைத் தேர்ந்தெடுத்து எண்ட் டாஸ்க் கொடுங்கள். அந்த எண்ணுக்கு மட்டும் போன் செய்யாதீர்கள்.

இதன் பெரிய அண்ணன்தான் டிஜிட்டல் அரெஸ்ட். சிபிஐ என்றும் சுங்கத்துறை என்றும் வீடியோ காலில் வந்து, போனை வைக்காதே, யாரிடமும் சொல்லாதே என்று மணிக்கணக்கில் மிரட்டிப் பணத்தைப் பறிப்பார்கள். நம் சட்டத்தில் இப்படி ஒரு கைதே கிடையாது. 2024 அக்டோபர் 27 அன்று பிரதமரும் வானொலி உரையில் இதை எச்சரித்தார். இவர்களின் முழுத் தொழில்நுட்பமும் உங்கள் அட்ரினலின்தான். யோசிக்க நேரம் தராமல் வைத்திருப்பார்கள். காலைத் துண்டித்துவிட்டு, 4 விநாடி இழுத்து 6 விநாடி விட்டு, வீட்டில் ஒருவரிடம் நடந்ததைச் சொல்லுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்குப் போன் செய்யுங்கள்.

யாரிடம் பேசுவது?

மேலே சொன்னவை எல்லாம் வீட்டுப் பழக்கங்கள். அட்டாக் அடிக்கடி வருகிறது, வேலைக்குப் போக முடியவில்லை, தூக்கம் வாரக்கணக்கில் கெட்டுவிட்டது, குடித்தால்தான் படபடப்பு அடங்குகிறது என்ற நிலை இருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். பேனிக் நன்றாகக் குணமாகும் வகை. கடையில் தூக்க மாத்திரை வாங்கி நீங்களாகப் போட்டுக்கொள்ளாதீர்கள். சிலவற்றை விடுவது பிறகு பெரும்பாடு.

மத்திய அரசின் டெலி மானஸ் சேவை 2022 அக்டோபர் 10 முதல் இயங்குகிறது. எண் 14416. கட்டணம் இல்லை, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தாலே அன்றைக்கே பேசிவிட வேண்டும். அதற்கென்றே டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் தொடங்கிய ஸ்நேகா அமைப்பு ராஜா அண்ணாமலைபுரத்தில் இருக்கிறது. எண் 044-24640050. பேசுவதற்கு அறிமுகமோ டாக்டர் சீட்டோ வேண்டாம்.

14416, 1930, 108, ஸ்நேகாவின் எண் ஆகிய நான்கையும் பெரிய எழுத்தில் டைப் செய்து பிரிண்ட் எடுத்து மானிட்டரின் ஓரத்தில் ஒட்டுங்கள். எழுத்தின் அளவை 36 என்று வைத்தால் கண்ணாடி இல்லாமலும் படிக்கலாம். பிரிண்டர் இல்லாதவர்கள் மார்க்கரால் அட்டையில் எழுதி ஒட்டுங்கள். மழை நாளில் கரண்ட் போனாலும் தெரிய வேண்டும் என்பதால் இதைக் கம்ப்யூட்டருக்குள் மட்டும் ஸேவ் செய்து வைக்க வேண்டாம்.